உப்பளத்துச் சிவப்புத் தண்ணீர்: ஐந்துலகமா, மூன்று பேருலகமா?

வாலிநோக்கம் பக்கம் உப்பளப் பாத்தியில் தண்ணீர் முற்றிச் சிவந்தால், அதில் உப்புவிரும்பி நுண்ணுயிர்கள் பெருகியிருக்கும். உயிரின வகைப்பாட்டில் இவற்றை எதில் சேர்ப்பது?

உயிர்களை ஐந்து பெரும் பிரிவாக்கும் விட்டேக்கரின் ஐந்துலக முறை (1969), செல்லில் உட்கரு இல்லை என்றதும் இவற்றைப் பாக்டீரியாவோடு மொனீரா என்ற உட்கருவற்ற உயிர்களின் பிரிவில் தள்ளிவிடும். பாடம் நடத்த வசதி, அவ்வளவுதான்.

வோஸ், கான்ட்லர், வீலிஸ் 1990-ல் முன்வைத்த மூன்று பேருலக முறை, செல்லில் புரதம் செய்யும் ரைபோசோமின் ஆர்.என்.ஏ. வரிசையை ஒப்பிடுகிறது. அதன்படி இவை ஆர்க்கியா, அதாவது பாக்டீரியாவிலிருந்து வேறான தனிப் பேருலகம். சவ்வுக் கொழுப்பிலும் வேறுபாடு தெரியும்: பாக்டீரியாவில் எஸ்டர் என்ற வேதிப் பிணைப்பு, இவற்றில் ஈதர் பிணைப்பு.

என் ஓட்டு இரண்டாவதற்கே. ஒரு சங்கடம், வரப்பில் நின்று பார்த்துச் சொல்ல முடியாது, ஆய்வகம் வேண்டும்.