வெள்ளவத்தை பிஎச்பி வகுப்பு, ஆறு கிழமை போன ஆளா சொல்றன்

காலி வீதியில இருந்து கடற்கரைப் பக்கம் இறங்கிற ஒழுங்கையில, மேல்மாடியில நடக்கிற சின்ன வகுப்பு, வெப்சைட் செய்யிற புரோகிராமிங் மொழி பிஎச்பியைப் பழக்கினம். ஞாயிறு காலமை, ஆறு கிழமை, 9,000 ரூபா. அடியில இருந்து பழகோணும் எண்டா நம்பிப் போகலாம், நோட்ஸ் மட்டும் கவனம், அதைக் கீழ சொல்றன்.

டாலர் குறி போட்டா வேரியபிள் (பெறுமதியைப் போட்டு வைக்கிற பேர்), எக்கோ எண்டா திரையில காட்டும், கட்டளை முடிய செமிகோலன், இவ்வளவும் சேர் பத்து நிமிசத்தில முடிச்சிட்டார். பிறகு அஞ்சாவது வரியில செமிகோலனை அழிச்சுப்போட்டு ஓட்டச் சொன்னார், எரர் ஆறாவது வரி எண்டு காட்டுது, நாங்கள் எல்லாரும் ஆறையே முழுசிப் பார்த்துக்கொண்டு இருக்கிறம். "மேல பாருங்கோ பிள்ளையள், அஞ்சு முடியேல்ல, அதான் ஆறில வந்து முட்டுது" எண்டார். அண்டையில இருந்து எரர் வந்தா எனக்குப் பயமில்லை.

எனக்கு மறக்காதது மூண்டாம் கிழமை. ஒரு சொல்லில எத்தினை எழுத்து எண்டு எண்ண எஸ்டிஆர்லென் பழக்கினவர், நான் "அம்மா" எண்டு குடுத்தன், 15 எண்டு வந்துது! சேர் சிரிக்கேல்ல, போர்டில ஒவ்வொண்டா எழுதிக் காட்டினார்: அ, ம, புள்ளி, திரும்ப ம, கால், இப்பிடி அஞ்சு துண்டு, கம்ப்யூட்டர் எழுத்தைச் சேமிக்கிற யூடிஎஃப்-8 முறையில இதுகள் ஒண்டுக்கு மூண்டு பைட், எஸ்டிஆர்லென் எண்ணுறது பைட்டை, அதான் 15. துண்டை எண்ணுற எம்பி-எஸ்டிஆர்லென் போட்டா 5, கிராஃபீம்-எஸ்டிஆர்லென் போட்டாத்தான் நாங்கள் எண்ணுற 3. தமிழ்ல பேர் வாங்கிற ஃபோம் செய்யிற ஆக்களுக்கு இது எவ்வளவு முக்கியம், இங்கிலிஷ் வீடியோவில ஆர் எங்களுக்கு இதைச் சொல்லப்போறான்?

இனி குறை. டேட்டாபேஸுக்குத் தந்த நோட்ஸில இன்னும் டேட்டாபேஸோட இணைக்கிற பழைய ஃபங்ஷன் மைஎஸ்கியூஎல்-கனெக்ட்தான் கிடக்கு, அது 2015ல பிஎச்பி 7 வரேக்கயே தூக்கினது. வீட்டில பிஎச்பி 8ல அடிச்சா அப்பிடியொரு ஃபங்ஷனே இல்லையெண்டு எரர், ரெண்டு இரவு என்ர பிழை எண்டு நினைச்சுத் தேடினன். கேட்டவுடன சேர் அடுத்த கிழமை, அதுக்குப் பதிலா இப்ப டேட்டாபேஸோட இணைக்கப் பாவிக்கிற பிடிஓவை வடிவா விளங்கப்படுத்தினார், ஆனா நோட்ஸை இன்னும் மாத்தேல்ல, காசு வாங்கித் தாறதெண்டா அதை மாத்தத்தான் வேணும். அதுவரைக்கும் சேர்ற ஆக்கள் அந்தப் பக்கத்தைப் பார்க்காம பிடிஓவை முதல்லயே கேளுங்கோ.

லப்டொப்பை ஃபுல் சார்ஜில கொண்டு போங்கோ, அறையில பிளக் ரெண்டுதான்.