முட்டத்து வீட்டுச் சுவரில் திபேரியக் கடல்

முட்டத்தில் கடலைப் பார்த்திருக்கும் எங்கள் வீட்டு முன்னறைக்காகச் சென்ற மாதம் ஓர் அச்சோவியம் வாங்கினேன். யோவான் நற்செய்தியின் 21ஆம் அதிகாரத்தில், திபேரியக் கடலில் இரவு முழுவதும் மீன்பாடு இல்லாதிருந்த இயேசுவின் சீடர்கள், விடியற்காலையில் கரையில் நின்ற ஒருவர் சொன்னபடி படகின் வலப்புறம் வலை வீசி 153 பெரிய மீன்களைப் பிடிக்கும் காட்சியை, இன்றைய ஓவியர் ஒருவர் செப்புத் தகட்டில் எட்சிங் முறையில் செய்திருக்கிறார். 30 பிரதிகளில் இது 12ஆவது. விலை, படச்சட்டம் இல்லாமல் 6,500 ரூபாய்.

வலைதான் இந்தப் படத்தின் உயிர். மெழுகு பூசிய தகட்டில் ஊசியால் கீறி அமிலத்தில் இடும்போது, எந்தக் கோடு அதிக நேரம் அரிக்கப்படுகிறதோ அது ஆழமாகி அதிக மையை வாங்கிக்கொள்ளும். மேல்பகுதி வலைக்கண்களை மெல்லியவையாக விட்டுவிட்டு, மீன் கனத்தில் தொங்கும் அடிப்பகுதியை மட்டும் ஓவியர் நெடுநேரம் அரிக்க விட்டிருக்கிறார். சன்னலருகே சாய்த்துப் பிடித்தால், அந்தக் கோடுகளில் மை தாளுக்கு மேல் புடைத்து நிற்பது தெரிகிறது. நாற்பது ஆண்டுகள் கடலுக்குப் போன அப்பா வெகுநேரம் பார்த்துவிட்டு, "வலை வலிக்கிறத நல்லா பாத்தவந்தான் வரஞ்சிருக்கான்" என்றார்.

விற்பவர் அனுப்பிய குறிப்பு இதை இருபதாம் நூற்றாண்டு ஓவியர் மார்க் ஷகாலின் வழியில் வந்தது என்கிறது. எனக்கு அது சரியாகப்படவில்லை. 1931இல் தொடங்கி, இடையில் தடைப்பட்டு, 1956இல் 105 தகடுகளாக வெளிவந்த ஷகாலின் விவிலிய வரிசை முழுவதும் பழைய ஏற்பாடு; இந்தக் காட்சியோ புதிய ஏற்பாடு. அதில் வானதூதர்கள் மனிதர்களின் தலைக்கு மேல் பறந்து வருவார்கள். இங்கே வானம் வெறுமையாக இருக்கிறது, பாரம் முழுவதும் கைகளிலும் முதுகுகளிலும் இருக்கிறது.

குறை கரையில்தான். கரையில் நின்றவர் இயேசு என்று சீடர்கள் அறியவில்லை என நற்செய்தி சொல்ல, ஓவியர் அவர் தலையைச் சுற்றி ஒளிவட்டம் போட்டுவிட்டார். படகு கரையிலிருந்து இருநூறு முழத் தொலைவில் இருந்தது என்பதையும் மறந்து, எட்டிப் பிடிக்கும் தூரத்தில் அவரை நிறுத்தியிருக்கிறார்.

சட்டம் போட்ட கடையில், தகட்டின் விளிம்பு தாளில் பதித்த பள்ளத்தையும் பென்சிலில் எழுதிய பிரதி எண்ணையும் அட்டையால் மறைத்துவிட்டார்கள். அச்சோவியத்துக்கு அவையே அடையாளம் என்பதால், பிரித்து மறுபடி செய்யச் சொன்னேன். இப்போது இரண்டும் வெளியே தெரிய, கண்ணாடி தாளைத் தொடாதபடி இடைவெளி விட்டு, உப்புக்காற்று நேரே படாத உட்சுவரில் மாட்டியிருக்கிறோம்.