புற்றுக்காளானா, சைக்கஸா: எதைக் காப்பது?

மாரி தொடங்கிய கையோடு மட்டக்களப்பின் படுவான்கரைக் காட்டோரப் புற்றுகளில் காளான் கிளம்பிவிடும். கறையான்கள் தங்கள் உணவுக்கென வளர்க்கும் பூஞ்சை அது. தண்டின் அடி வேர்போல நீண்டு கூடுவரை இறங்கியிருக்கும். குடை விரிந்தால் ஓரிரு நாள்தான். மொட்டாகப் பறித்தால்தான் கறிக்கு ருசி.

பார்வைக்குப் பனைபோல இருக்கும் சைக்கஸ் செடி நேர்மாறு. மெல்ல வளரும், நெடுங்காலம் வாழும், கொட்டையோ நஞ்சு. ஆண் வேறு, பெண் வேறு. அதில்தான் சிக்கல்: தென்னாபிரிக்காவில் 1895இல் கண்டெடுத்த, சைக்கஸுக்கு உறவான ஓர் இனத்தில் ஆண் செடி மட்டுமே கிடைத்தது. இன்றும் பக்கக்கன்று பிரித்தே பெருக்குகிறார்கள்.

புற்றை உடைக்காமல் காளானைப் பறித்தால் அடுத்த மாரிக்கும் வரும். காட்டுச் சைக்கஸைத் தோண்டினால் அவ்வளவுதான். காக்க வேண்டியது எது என்றால், யோசிக்காமல் சைக்கஸ் என்பேன். முற்றத்துக்கு ஆசையா? நாற்றுமேடைக் கன்றை வாங்குங்கள்.