யூபிளாக் ஆரிஜின்: முழுப் பலம் ஃபயர்பாக்ஸில்தான்

ரேமண்ட் ஹில் உருவாக்கிய யூபிளாக் ஆரிஜின், விளம்பரங்களைத் தடுக்க பிரவுசரில் சேர்க்கும் எக்ஸ்டென்ஷன் (துணைக் கருவி). இலவசம், ஓப்பன் சோர்ஸ். காசு வாங்கிக்கொண்டு எந்த விளம்பரத்தையும் உள்ளே விடுவதில்லை. இன்ஸ்டால் செய்யும்போது பெயரில் 'ஆரிஜின்' இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் 'யூபிளாக்' வேறு ஆட்களுடையது.

குரோமில் இது இனி ஓடாது. 'மேனிஃபெஸ்ட் வி2' என்ற பழைய விதிமுறைப்படி எழுதிய எக்ஸ்டென்ஷன்களை கூகுள் 2025-ல் முழுக்க நிறுத்திவிட்டது. அங்கே கிடைப்பது 'யூபிளாக் ஆரிஜின் லைட்' என்ற எளிய பதிப்பு. சாதாரண விளம்பரங்களுக்கு அது போதும். ஆனால் தடுக்க வேண்டியவற்றின் பட்டியலை முன்கூட்டியே பிரவுசரிடம் கொடுக்க மட்டுமே அதற்கு அனுமதி. பக்கம் லோடாகும்போது ஒவ்வொன்றையும் தானே சோதித்து நிறுத்த முடியாது. தளத்தின் சொந்த முகவரிக்குப் பின்னால் ஒளிந்து வரும் டிராக்கரை (நம்மை வேவு பார்க்கும் நிரலை)க்கூட ஃபயர்பாக்ஸ் பதிப்பு பிடித்துவிடும். ஆண்ட்ராய்டு ஃபயர்பாக்ஸிலும் முழுப் பதிப்பே கிடைக்கிறது.

போட்டவுடன் விளம்பரம் போய்விடும், குக்கீ கேட்கும் பெட்டி போகாது. ஐகானை அழுத்தி, பல்சக்கரக் குறி வழியாக 'ஃபில்டர் லிஸ்ட்ஸ்' டேப்புக்குப் போய் 'குக்கீ நோட்டீசஸ்', 'அனாயன்சஸ்' இரண்டையும் டிக் செய்து 'அப்ளை சேஞ்சஸ்' அழுத்த வேண்டும். அந்தக் கடைசி பட்டனை விட்டால் எதுவும் மாறாது. கண்ணில் பட்ட லிஸ்ட்டையெல்லாம் டிக் போட்டால் தளங்கள் உடைவதுதான் மிச்சம்.

அதற்கும் தப்பிய பெட்டிகளுக்கு, ஐகானை அழுத்தினால் இரண்டு கருவிகள். மின்னல் குறி தற்காலிகம், ரீலோட் செய்தால் பெட்டி திரும்பி வரும். சொட்டுக்குழாய் குறி நிரந்தரம்: பெட்டியைக் கிளிக் செய்து, 'ப்ரிவ்யூ' பார்த்து, 'கிரியேட்' கொடுக்க வேண்டும். ப்ரிவ்யூ பார்க்காமல் கொடுத்தால் சில நேரம் செய்தியே சேர்ந்து காணாமல் போகும். 'மை ஃபில்டர்ஸ்' டேப்பில் அந்த வரியை அழித்து 'அப்ளை சேஞ்சஸ்' கொடுத்தால் சரியாகும்.

யூடியூப் முரண்டு பிடித்தால் முதலில் இன்னொரு விளம்பரத் தடுப்பான் ஓடுகிறதா என்று பாருங்கள்; இரண்டு இருந்தால் ஒன்றின் வேலையை மற்றது கெடுக்கும். அடுத்து 'ஃபில்டர் லிஸ்ட்ஸ்' டேப்பில் 'அப்டேட் நவ்'. பணம் கட்டும் பக்கம் சிக்கினால் பெரிய பவர் பட்டனை அணைத்து ரீலோட் செய்யலாம், ஆனால் ஓடிபி வரை போன பிறகு வேண்டாம்.

'அறிவிப்பு அனுப்பலாமா' என்று செய்தித்தளங்கள் நச்சரிப்பதை இதை நம்பி விட வேண்டாம். ஃபயர்பாக்ஸ் செட்டிங்ஸில் தனியுரிமைப் பகுதிக்குள் நோட்டிஃபிகேஷன்ஸ் திறந்து, புதிய கோரிக்கைகளைத் தடுக்கும் பெட்டியை டிக் செய்யுங்கள். ஏற்கெனவே அனுமதித்த தளங்களும் அங்கேதான் வரிசையாக இருக்கும். தேவையில்லாதவற்றை அப்போதே நீக்கிவிடலாம்.