யானைக்கால் நோய்க்கு எந்தக் கணக்கு சரி: எபிஃபிலா, லிம்ஃபாசிமா?

யானைக்கால் நோய் பரவும் இடங்களில் வருடத்துக்கு ஒருமுறை வீடு வீடாக வந்து டி.இ.சி., அல்பெண்டசோல் என்ற புழுக்கொல்லி மாத்திரைகளைக் கொடுக்கிறார்கள். ரத்தத்தில் திரிந்து கொசு வழியாகப் பரவும் நுண்புழுக்கள் (குஞ்சுப் புழுக்கள்) பெரும்பாலும் செத்துவிடும். அவற்றை ஈனும் தாய்ப்புழுவை ஒழிப்பதுதான் கஷ்டம். அப்படியானால் எத்தனை வருடம் கொடுத்தால் நோய் பரவுவது நிற்கும்? இதற்கு விடை தேடும் கணித மாதிரிகளில் முக்கியமானவை இரண்டு: எபிஃபில், லிம்ஃபாசிம்.

இரண்டுக்குமே புதுச்சேரிதான் உரைகல். 1981 முதல் 1985 வரை அங்கே கொசு ஒழிப்புத் திட்டம் நடந்தது; நோய் குறைந்ததா என்று மக்களின் ரத்தத்தையும் பரிசோதித்தார்கள். நுண்புழு இரவில்தான் ரத்தத்தில் மேலே வரும். அதனால் ஊர் அடங்கும் நேரத்தில் கதவைத் தட்டி, தூங்கப் போனவர்களின் விரல்நுனியில் குத்தி, கண்ணாடித் தகட்டில் ரத்தம் எடுக்க வேண்டும். அப்படிச் சேர்த்த தகவல்கள்தான் இந்த மாதிரிகளுக்கு ஆதாரம்.

எபிஃபில் ஊரை வயதுவாரியான சராசரியாகப் பார்க்கிறது. சில சமன்பாடுகள்தான், ஒரே கேள்விக்கு எப்போதும் ஒரே விடை, அதுவும் சட்டென்று. பல மாவட்டங்களுக்குத் திட்டம் போடுபவருக்கு இது பெரிய வசதி.

லிம்ஃபாசிம் வேறு ரகம். ராட்டர்டாமின் எராஸ்மஸ் பல்கலைக்கழகமும் புதுச்சேரியின் நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையமும் சேர்ந்து உருவாக்கியது, 1998இல் வெளியானது. கணினிக்குள் ஒரு ஊரையே ஆள் ஆளாகக் குடியேற்றுகிறது. ஒருவரை அதிகம் கொசு கடிக்கும், இன்னொருவரைக் குறைவாக. தற்செயலுக்கும் இடம் உண்டு என்பதால் ஒவ்வொரு முறையும் விடை கொஞ்சம் மாறும்; பலமுறை ஓட்டித்தான் முடிவு சொல்ல முடியும். தாய்ப்புழு சராசரியாகச் சுமார் 10 வருடம் வாழும் என்ற மதிப்பீடு, புதுச்சேரித் தகவல்களை வைத்து இந்த மாதிரி சொன்னதுதான். (டிரான்ஸ்ஃபில் என்று எளிமையான மூன்றாவது ஒன்றும் உண்டு. அதுவும் ஆள்வாரிக் கணக்குதான்.)

எனக்கு முக்கியமாகப் படும் வித்தியாசம் ஒன்று. மொத்த மக்களில் 65 சதவீதம் பேராவது மாத்திரை விழுங்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். விழுங்காத மீதி 35 சதவீதம் யார்? வருடா வருடம் வேறு வேறு ஆட்களா, எப்போதும் அதே ஆட்களா? சராசரிக் கணக்குக்கு, அடிப்படை வடிவில், இரண்டும் ஒன்றுதான். ஆனால் “சாப்பிட்டு அப்புறம் போட்டுக்கறேன்” என்று மாத்திரையை அலமாரியில் வைத்துவிடும் ஒருவர், ஐந்து வருடமும் அதையே செய்தால் அவர் உடம்பில் புழு பத்திரமாக இருக்கும். இந்த இரண்டில் அவரைத் தனி ஆளாகப் பின்தொடர்வது லிம்ஃபாசிம்தான்.

ஆரம்பத் திட்டத்துக்கு எபிஃபில் போதும். நோய் குறைந்து, மாத்திரையை நிறுத்தலாமா என்று யோசிக்கும் கட்டத்தில் நான் லிம்ஃபாசிமைத்தான் நம்புவேன். ஆனால் அதற்குத் தகவல் என்ற தீனி வேண்டுமே! மாத்திரை கொடுப்பவரின் பதிவேட்டில் ‘கொடுத்தாயிற்று’ என்ற கட்டத்துக்குப் பக்கத்தில், ‘போன வருடம் விழுங்கினாரா?’ என்று இன்னொரு கட்டமும் வேண்டும்.