சாளேசரக் கண்ணுக்குப் பீப் சைட்: சில வருட அனுபவம்

நாற்பதைத் தாண்டிச் சாளேசரம் வந்த பிறகு, பின்னால் வெட்டும் முன்னால் முளையும் உள்ள ஓப்பன் சைட் வைத்த ஏர் ரைபிளில் குறி பார்ப்பது எனக்குப் பெரும்பாடாகிவிட்டது. பின் சைட்டின் வெட்டைப் பார்த்தால் இலக்கு மங்கும், இலக்கைப் பார்த்தால் வெட்டு மங்கும். கோவையில் நான் போகும் ரேஞ்சில், பின்னால் வெட்டுக்குப் பதில் சின்னத் துளை உள்ள பீப் சைட்டுக்கு மாறச் சொன்னார்கள். சில வருடங்களாக அதுதான். இனி பழையதற்குத் திரும்ப மாட்டேன்.

சின்னத் துளை வழியாகப் பார்க்கும்போது குழல் முனையில் முன் சைட்டாக இருக்கும் வளையமும் இலக்கும் சேர்ந்தே தெளிகின்றன. துளையின் நடுவைத் தேட வேண்டாம், கண் தானாக அங்கே போய்விடும். பின் சைட் கண்ணருகே வருவதால் இரண்டு சைட்டுக்கும் இடைவெளியும் கூடுகிறது. இடைவெளி 45 செ.மீ. என்றால், சைட்டில் 0.1 மி.மீ. பிசகு 10 மீட்டரில் 2.2 மி.மீ. ஆகிவிடும், 80 செ.மீ. என்றால் 1.25 மி.மீ. தான். இலக்குக் காகிதத்தில் ஒரு மதிப்பெண் வளையத்துக்கும் அடுத்ததற்கும் 2.5 மி.மீ. தானே!

சரி, துளை எவ்வளவு? சின்னதாக ஆக ஆகத் துல்லியம் கூடும் என்று பலர் 1 மி.மீ.க்குக் கீழே போகிறார்கள். விளக்கு நன்றாக இருந்தால் சரி. மூடாப்புப் போட்ட சாயங்காலத்தில் இலக்கின் நடுவிலுள்ள கறுப்பு வட்டம் சாம்பலாகி ஓரம் கரைந்துவிடும். "ஓட்டையக் கொஞ்சம் தொறந்து பாருங்கண்ணா" என்று பயிற்சி தரும் தம்பி சொன்னபடி செய்ததும் வட்டம் கறுத்து நின்றது. அதனால் காசு கூடினாலும் துளையைக் கூட்டிக் குறைக்கும் ஐரிஸ் உள்ளதையே வாங்குங்கள். எனக்குப் பெரும்பாலும் 1.2 பக்கம் நிற்கிறது. முன் வளையத்தையும் இறுக்கமாக எடுக்காதீர்கள், 30.5 மி.மீ. கறுப்பைச் சுற்றி வெள்ளை தாராளமாகத் தெரிய வேண்டும்.

வெளிநாட்டில் வேட்டை ரைபிளுக்கு வாங்குபவர்கள் பெரிய துளை, மெல்லிய விளிம்பு என்று தேடுவார்கள். அந்தி வெளிச்சத்தில் சட்டென்று குறி வைக்க அதுதான் தோது. இங்கே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, வேட்டைப் பேச்சே வேண்டாம். காகித இலக்குக்கு அவர்கள் சொல்லும் அளவும் ஒத்துவராது.

முதலில் வாங்கிய மலிவு சைட்டில், குறியைக் கிளிக் கிளிக்காக நகர்த்தும் திருகாணி ஆடியது. கடையிலேயே சோதிக்க முடிந்தால், நாலு கிளிக் வலது, நாலு கிளிக் இடது திருப்பிச் சுட்டுப் பாருங்கள். பெல்லட் பழைய இடத்துக்கே வர வேண்டும். எனக்குக் கழுத்து வலி இருந்ததால் கணபதியில் ஒரு லேத் பட்டறையில் அலுமினியக் கட்டை கடைந்து, தலையைக் குனியாமல் பார்க்கச் சைட்டை உயர்த்தினேன். முன்னும் பின்னும் ஒரே அளவு உயர்த்த வேண்டும்.

அப்புறம், ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது ஐரிஸில் தூசு புகுந்துவிடும். எண்ணெய் விடாதீர்கள், தூசு ஒட்டிக்கொள்ளும். காற்றுப் பம்பும் மெல்லிய தூரிகையும் போதும்.