249 டாலர் கொடுத்து லைசென்ஸை இழந்தேன்: வெளி மாநில டிக்கெட் வாங்கியவர்கள் படியுங்கள்

நியூ ஜெர்சி லைசென்ஸ் வைத்துக்கொண்டு பென்சில்வேனியாவிலோ வர்ஜீனியாவிலோ ஸ்பீடிங் டிக்கெட் வாங்கியவர்கள், அந்தக் காகிதத்தை இன்னும் டிராயரில் போட்டு வைத்திருப்பவர்கள், தயவுசெய்து இதை முழுசாகப் படியுங்கள். 'டிக்கெட்டை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்று சொன்ன ஓர் இணையச் சேவைக்கு 249 டாலர் கட்டினேன். அவர்கள் எதையும் பார்க்கவில்லை. என் லைசென்ஸ் சஸ்பெண்ட் ஆனது. அது தெரியாமலேயே மூன்று மாதத்துக்கு மேல், பிள்ளைகளைப் பின்னால் உட்கார வைத்து, வண்டி ஓட்டியிருக்கிறேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைக் கலக்குகிறது.

போன வருடத்துக்கு முந்தின ஜூன் மாதம். அப்பா அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார்கள். பிட்ஸ்பர்க் வெங்கடாசலபதி கோவிலுக்கு அவர்களைக் கூட்டிப் போகவேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. எடிசனிலிருந்து ஐந்தரை மணி நேரப் பயணம். விடியற்காலை ஐந்து மணிக்குப் புளியோதரை கட்டிக்கொண்டு கிளம்பினோம். பென்சில்வேனியா டர்ன்பைக்கில் ப்ரீஸ்வுட் தாண்டியதும் பின்னால் விளக்குச் சுழன்றது. வேக வரம்பு மணிக்கு 70 மைல். நான் போனது 84. தப்பு என்னுடையதுதான், அதில் வாதம் எதுவும் இல்லை. அம்மா மட்டும் பதறிப்போய், "போலீஸ் எதுக்குப்பா வர்றாரு, நம்மகிட்ட எல்லா பேப்பரும் இருக்குல்ல?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். ட்ரூப்பர் மரியாதையாகத்தான் பேசினார். டிக்கெட்டை நீட்டி, "பத்து நாளுக்குள் பதில் அனுப்புங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

டிக்கெட்டில் எல்லாமே தெளிவாக இருந்தது. குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன், அல்லது ஒப்புக்கொள்ளவில்லை என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்து, 10 நாளுக்குள் அந்தப் பகுதி மாஜிஸ்டீரியல் டிஸ்ட்ரிக்ட் கோர்ட்டுக்கு (உள்ளூர்ச் சிறு நீதிமன்றம்) அனுப்பவேண்டும். அபராதம், கோர்ட் செலவு எல்லாம் சேர்த்து 190 டாலருக்குக் கொஞ்சம் குறைவு. அன்றைக்கு ராத்திரியே அதைக் கட்டியிருந்தால் இந்தப் பதிவுக்கு வேலையே இல்லை.

கட்டவிடாமல் செய்தது பாயிண்ட் பயம், அதாவது ஒவ்வொரு தவறுக்கும் லைசென்ஸ் ரெகார்டில் ஏறும் கணக்கு. வாட்ஸாப் குழுவில் கேட்டேன். க்வீன்ஸில் இருக்கும் நண்பர், "எனக்கும் பென்சில்வேனியாவுல டிக்கெட் வந்துச்சு, பாயிண்ட் எதுவும் ஏறல" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் அவருடையது நியூயார்க் லைசென்ஸ். நியூயார்க் மற்ற மாநில டிக்கெட்டுகளுக்குப் பாயிண்ட் போடுவதில்லை. கனடாவின் ஒன்டாரியோவும் கியூபெக்கும்தான் விதிவிலக்கு. என்னுடையது நியூ ஜெர்சி லைசென்ஸ், அதற்கு விதி வேறு. ஒரே குழுவில், ஒரே சாலையில், ஒரே வேகத்தில் மாட்டிய இரண்டு பேருக்கு இரண்டு விதமான விளைவு. இது எனக்கு அப்போது தெரியாது. அப்புறம் இன்னொருவர் அந்தச் சேவையின் லிங்க்கை அனுப்பினார்.

போனில் பேசியவர் அவ்வளவு அக்கறையாகப் பேசினார். "பாயிண்ட் ஏறினால் இன்ஷூரன்ஸ் எகிறும். நீங்கள் எச்-1பி வேலை விசாவா? அப்படியென்றால் ரெகார்டு சுத்தமாக இருக்கவேண்டாமா?" என்றார். கடைசியில் சொன்னதுதான் முக்கியம்: "நீங்கள் பணமும் கட்டாதீர்கள், தபாலும் போடாதீர்கள். நீங்கள் எதையாவது அனுப்பிவிட்டால் எங்கள் வக்கீலால் ஒன்றும் செய்ய முடியாது." டிக்கெட்டைப் படம் எடுத்து அனுப்பினேன், கார்டில் 249 டாலர் போனது. 'உங்கள் கேஸ் செயல்பாட்டில் உள்ளது' என்று ஒரு மெயில் வந்தது. வக்கீல் பெயர் அதில் இல்லை. நானும் கேட்கவில்லை. அவர்களுடைய நிபந்தனைப் பக்கத்தின் அடியில், 'நாங்கள் சட்ட நிறுவனம் அல்ல, வக்கீல்களிடம் அறிமுகம் செய்துவைப்பவர்கள் மட்டுமே' என்று ஒரு வரி இருந்ததை எட்டு மாதம் கழித்துத்தான் படித்தேன்.

எந்தப் பாயிண்டுக்குப் பயந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெளி மாநிலத்தில் வண்டி ஓட்டியதற்காக வாங்கும் மூவிங் வயலேஷனுக்கு (ஸ்பீடிங் மாதிரி ஓட்டும்போது செய்யும் தவறு) நியூ ஜெர்சி போடுவது 2 பாயிண்ட். அவ்வளவுதான். அதே 84-ல் மாட்டியவர் பென்சில்வேனியா லைசென்ஸ்காரராக இருந்திருந்தால் அவருக்கு 3 பாயிண்ட். நியூ ஜெர்சியில் மூன்று வருடத்துக்குள் 6 பாயிண்ட் சேர்ந்தால்தான் மாநிலம் தனியாக சர்சார்ஜ் (கூடுதல் கட்டணம்) வாங்கும்: 150 டாலர், அதற்கு மேல் ஒவ்வொரு பாயிண்டுக்கும் 25 டாலர். 12 பாயிண்ட் சேர்ந்தால்தான் லைசென்ஸுக்கே ஆபத்து. என் ரெகார்டில் அதுவரை பூஜ்யம். ஒரு வருடம் எந்த டிக்கெட்டும் இல்லாமல் ஓட்டினால் 3 பாயிண்ட் கழியும். அதாவது அந்த 2 பாயிண்ட் ஒரே வருடத்தில் காணாமல் போயிருக்கும். இதைச் சொல்ல ஒரு ஆள் கிடைக்காமல் போனதுதான் என் துரதிர்ஷ்டம்.

உண்மையில் பயப்படவேண்டியது பதில் போடாமல் விடுவதற்கு. இதில் இரண்டு ஒப்பந்தங்கள் இருக்கின்றன, நம்மில் பலர் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். ஒன்று டிரைவர் லைசென்ஸ் காம்பேக்ட். 45 மாநிலங்களும் வாஷிங்டன் டி.சி.யும் அதில் இருக்கின்றன. நீங்கள் எங்கே தண்டிக்கப்பட்டாலும் தகவல் உங்கள் சொந்த மாநிலத்துக்கு வரும். அதற்கு எத்தனை பாயிண்ட் என்பதைச் சொந்த மாநிலம் தன் விதிப்படி முடிவு செய்யும். பாயிண்ட் பற்றிய பேச்சு எல்லாம் இதில்தான். இன்னொன்று நான்-ரெசிடென்ட் வயலேட்டர் காம்பேக்ட், 1977-ல் தொடங்கியது. இதில் 44 மாநிலங்களும் டி.சி.யும். வெளி மாநிலத்துக்காரரைப் பிடித்தால் அங்கேயே பணம் கட்டச் சொல்லி நிறுத்தி வைக்காமல், டிக்கெட்டை மட்டும் கொடுத்து வீட்டுக்கு அனுப்ப இதுதான் வழி செய்கிறது. அதற்கு ஈடாக, நீங்கள் பதில் போடாவிட்டால் அந்த மாநிலம் உங்கள் மாநிலத்துக்குச் சொல்லும். உங்கள் மாநிலம் நீங்கள் அந்த டிக்கெட்டை முடித்துக் காட்டும்வரை லைசென்ஸை நிறுத்தி வைக்கும். பென்சில்வேனியா, நியூ ஜெர்சி, நியூயார்க் மூன்றுமே இதில் உண்டு. பாயிண்ட் ஏறாது என்று நிம்மதியாக இருக்கும் என் க்வீன்ஸ் நண்பரும் டிக்கெட்டைக் கிடப்பில் போட்டால் இதில் மாட்டுவார்.

ஆகஸ்டில் வீடு மாறினோம். பேங்க், பள்ளிக்கூடம், தபால் அலுவலகம் எல்லா இடத்திலும் முகவரி மாற்றினேன். லைசென்ஸ் கொடுக்கும் மோட்டார் வெஹிக்கிள் கமிஷனில் மாற்றவில்லை. நியூ ஜெர்சியில் ஒரு வாரத்துக்குள் மாற்றவேண்டும் என்பது விதி. பென்சில்வேனியாவிலிருந்து வந்த எச்சரிக்கைக் கடிதமும், நியூ ஜெர்சியின் சஸ்பென்ஷன் கடிதமும் பழைய அபார்ட்மென்ட் முகவரிக்கே போயின. ஒன்றும் என் கைக்கு வரவில்லை. சேவைக்காரர்களிடம் இடையில் இரண்டு தடவை கேட்டேன். "கோர்ட் தேதி இன்னும் வரவில்லை, அமைதியாக இருங்கள்" என்று பதில் வந்தது.

அடுத்த பிப்ரவரியில் எச்-1பி நீட்டிப்பு வந்தது. நம் லைசென்ஸ் ஐ-94 தேதியோடு (இந்த நாட்டில் தங்க அனுமதித்த கடைசித் தேதி) முடிகிறது இல்லையா, புதுப்பிக்கப் போனேன். கவுன்டரில் இருந்த அம்மா என் காகிதங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து அடுக்கினார். பிறகு கணினியில் தட்டினார். நிறுத்தினார். கண்ணாடியை மூக்கில் கீழே இறக்கிக்கொண்டு திரையை இன்னொரு தடவை படித்தார். "இன்றைக்கு இங்கே எப்படி வந்தீர்கள்?" என்று மெதுவாகக் கேட்டார். ஓட்டிக்கொண்டுதான் வந்தேன் என்றேன். "திரும்பிப் போகும்போது ஓட்டாதீர்கள்" என்றார். ஒரு தாளை அச்செடுத்து, நவம்பர் மாதத் தேதி ஒன்றின் கீழே பேனாவால் கோடு போட்டுக் கொடுத்தார். அந்தத் தேதியிலிருந்து என் லைசென்ஸ் செல்லாது. அந்தத் தாளை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

பார்க்கிங்கில் வண்டியை விட்டுவிட்டு மனைவிக்குப் போன் செய்தேன். அவள் வரும்வரை ஒரு மணி நேரம் வெளியே நின்றேன். டிசம்பரில் பனி கொட்டிய அன்று தமிழ்ப் பள்ளிக்கு நான்கு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனது ஞாபகத்துக்கு வந்தது. வழியில் யாராவது நிறுத்தியிருந்தால், சஸ்பெண்ட் ஆன லைசென்ஸில் ஓட்டியதற்கு நியூ ஜெர்சியில் முதல் தடவைக்கே 500 டாலர் அபராதம், அதற்கு மேல் வருடத்துக்கு 250 டாலர் வீதம் மூன்று வருட சர்சார்ஜ். விபத்து நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே முடியவில்லை.

மறுநாள் பென்சில்வேனியா கோர்ட்டுக்குப் போன் செய்தேன். எடுத்தவர் டிக்கெட் எண்ணைக் கேட்டு, அரை நிமிடத்தில் சொன்னார்: என் சார்பாக எந்த வக்கீலும் ஆஜராகவில்லை, யாரும் ஒரு கடிதம்கூட அனுப்பவில்லை. எட்டு மாதமாகச் 'செயல்பாட்டில்' இருந்த கேஸ் அது. வேதனை என்னவென்றால், இதைத் தெரிந்துகொள்ள நான் போன்கூடச் செய்திருக்கவேண்டியதில்லை. பென்சில்வேனியா நீதிமன்றங்களின் டாக்கெட்டுகளை (ஒவ்வொரு கேஸின் பதிவேடு) இணையத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். டாக்கெட்டில் வக்கீல் பெயர் வந்ததா, பதில் பதிவானதா என்று அதிலேயே இருக்கும். ஜூலையில் ஒரே ஒரு தடவை பார்த்திருந்தால் போதும்.

குற்றத்தை ஒப்புக்கொண்டு முழுப் பணமும் கட்டினேன். கோர்ட் பென்சில்வேனியா போக்குவரத்துத் துறைக்குச் சொல்லி, அவர்களிடமிருந்து டிக்கெட் முடிந்தது என்ற கடிதம் வந்து, அதை நியூ ஜெர்சிக்கு அனுப்பி, லைசென்ஸைத் திரும்பப் பெறுவதற்கான 100 டாலர் ரெஸ்டோரேஷன் கட்டணம் கட்டி, லைசென்ஸ் திரும்ப உயிர் பெற 23 நாள் ஆனது. பணம் கட்டிய அன்றே ஓட்டலாம் என்று நினைத்துவிடாதீர்கள்; உங்கள் லைசென்ஸ் மறுபடி செல்லுபடியாகும் என்று சொந்த மாநிலம் எழுத்தில் உறுதி செய்யும்வரை சாவியைத் தொடக்கூடாது. அந்த 23 நாளும் மனைவி என்னை ரயில் நிலையத்தில் விட்டு, பிள்ளைகளை விட்டு, பிறகு தன் வேலைக்கு ஓடினாள். அந்த 2 பாயிண்டும் ஒழுங்காக வந்து சேர்ந்தது. அடுத்த இன்ஷூரன்ஸ் புதுப்பித்தலில் ஆறு மாதத்துக்கு 212 டாலர் கூடியது.

சேவைக்காரர்களிடம் கேட்டபோது, "வக்கீலிடம் அறிமுகம் செய்வதுதான் எங்கள் வேலை, அதை முடித்துவிட்டோம்" என்றார்கள். எந்த வக்கீல் என்றேன். பதில் இல்லை. பென்சில்வேனியாவில் வக்கீல் ஒருவர் உண்மையில் உரிமம் பெற்றவரா என்பதை வக்கீல்களைக் கண்காணிக்கும் அந்த மாநில டிசிப்ளினரி போர்டு தளத்தில் பெயரைப் போட்டுப் பார்க்கலாம். பெயரே சொல்லாதவரை எங்கே தேடுவது? கார்டு கம்பெனியிடம் முறையிட்டேன், காலக்கெடு தாண்டிவிட்டது என்றார்கள்.

வக்கீலே வைக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. வர்ஜீனியா வழியாக ஐ-95 நெடுஞ்சாலையில் கரோலினாவுக்குப் போகிறவர்கள் இதைக் கவனியுங்கள். அங்கே 85 மைலைத் தாண்டினால், வரம்பு 70 ஆக இருந்தாலும், அது ரெக்லெஸ் டிரைவிங், அதாவது பொறுப்பில்லாமல் ஓட்டுதல். வரம்பைவிட 20 மைல் கூடப் போனாலும் அதேதான். அது வெறும் டிக்கெட் இல்லை, கிரிமினல் குற்றம்: 12 மாதம் வரை சிறை, 2,500 டாலர் வரை அபராதம் என்று சட்டம் சொல்கிறது. நான் பென்சில்வேனியாவில் போன 84-க்கு மேல் இரண்டே மைல் கூடப் போய், இடம் வர்ஜீனியாவாக இருந்திருந்தால், விசா படிவத்திலும் பிற்பாடு குடியுரிமை விண்ணப்பத்திலும் அதைக் காலத்துக்கும் எழுதிக்கொண்டிருக்கவேண்டும். அந்த மாதிரி கேஸுக்கு அந்த ஊர் கோர்ட்டில் தினமும் நிற்கும் வக்கீலை, பெயர் கேட்டு, கையெழுத்திட்ட ஒப்பந்தத்தோடு வையுங்கள். இமிகிரேஷன் வக்கீலிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

டிக்கெட்டை இன்னும் டிராயரில் வைத்திருப்பவர்கள் இன்றைக்கே அந்தக் கோர்ட்டுக்குப் போன் செய்யுங்கள். நியூ ஜெர்சிக்காரர்கள் 15 டாலர் கட்டினால் தங்கள் டிரைவர் ஹிஸ்டரியை எடுத்துப் பார்க்கலாம். நான் இப்போது வருடம் ஒரு தடவை எடுக்கிறேன், மனைவியுடையதையும் சேர்த்து.

அந்த 249 டாலர் இன்னும் திரும்பவில்லை. நியூ ஜெர்சியின் நுகர்வோர் புகார் அலுவலகமான கன்ஸ்யூமர் அஃபேர்ஸில் புகார் கொடுத்திருக்கிறேன். அவர்கள் அனுப்பிய மெயில்கள், கோர்ட் டாக்கெட்டின் நகல், கவுன்டர் அம்மா கோடு போட்டுக் கொடுத்த தாள், மூன்றையும் இணைத்திருக்கிறேன். அந்த லிங்க்கை அனுப்பியவரும் தன் டாக்கெட்டைப் பார்த்தார். அவர் பெயருக்கு எதிரேயும் வக்கீல் இல்லை. இப்போது அவரும் புகார் எழுதிக்கொண்டிருக்கிறார்.